பயத்துக்கு நாலு படி

எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் சோறும் பயமும் சேர்ந்துதான் வளர்த்தன. கிணற்றை எட்டிப் பார்த்தால் முனி இழுத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போனால் காத்துக்கருப்பு அண்டும். பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வராவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு நிற்பான். இதெல்லாம் போதாதென்று ஊருக்கு இரண்டு பக்கமும் மலை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் பிள்ளையைத் தூக்கிப் போக ஒரு யானை தயாராக இருக்கும்.

என் அப்பா என்னை இப்படித்தான் வளர்த்தார். நானும் என் மகனை அப்படியே வளர்த்தேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. திராட்சைத் தோட்டத்துக்காரனுக்கு விடிவதற்குள் மோட்டார் போட வேண்டும், கவாத்து ஆள் வந்தானா பார்க்க வேண்டும், மருந்து கலக்க வேண்டும். கிணற்றுக்கு ஏன் சுற்றுச்சுவர் இல்லை, ஓரத்து மண் ஏன் சரியும், தண்ணீர் எத்தனை ஆழம் என்று பிள்ளைக்கு விளக்கிக்கொண்டு நிற்க அவனுக்கு நேரம் ஏது? ‘முனி’ என்று ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும்.

அந்தச் சொல்லுக்கு முதல் தடங்கல் வந்தது ஜாவாவில்.

மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்த ஒரு ஜூன் மாத லீவில், “எல்லாருமா எரிமலை பார்த்துட்டு வரலாம்ப்பா” என்றான். “எரியிற மலையைக் காசு குடுத்துப் போய்ப் பாக்குறாகளாக்கும்?” என்று அவன் அம்மா கேட்டாள். கேட்டாளே தவிர, ஸ்வெட்டரை முதலில் எடுத்து வைத்தவள் அவள்தான்.

கிழக்கு ஜாவாவில் இருக்கிறது புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா. சிங்கப்பூரிலிருந்து சுரபயாவுக்கு விமானம், அங்கிருந்து காரில் மலையேற்றம். செமேரு 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரம் அதுதான். நாங்கள் ஏறிய புரோமோ 2,329 மீட்டர். நம் மூணாறு ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதால் உயரத்தில் புரோமோ தோற்றுப்போகும். ஆனால் ஆனைமுடி புகை விடாது. பழங்காலத்தில் ஒரு பெரிய எரிமலை வெடித்து உள்வாங்கியதில் 10 கிலோமீட்டர் அளவுக்கு அகலமான பள்ளம் உண்டாகியிருக்கிறது. அதன் தரை முழுக்கச் சாம்பல் மணல். அந்த மணலுக்கு நடுவே பிறகு முளைத்த கூம்புகளில் ஒன்றுதான் புரோமோ.

விடிகாலை 3 மணிக்கு ஜீப் வந்தது. வரிசையாக ஜீப்கள், குளிருக்குத் தலையில் துண்டு கட்டிய டிரைவர்கள். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப்களைப் பார்த்து வளர்ந்தவள் என் வீட்டுக்காரி. “இங்கயும் காட்டுவேலைக்குத்தான் போறாகளோ?” என்று சிரித்தாள். சூரியோதயத்தை எதிர்மலையில் நின்று பார்த்துவிட்டு, மணல்வெளியைக் கடந்து, கூம்பின் அடிவாரத்துக்கு வந்தோம். அங்கே மணலுக்கு நடுவில் ஒரு இந்துக் கோயில். தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். கசாடா திருவிழாவில் காய்கறி, கோழி, ஆடு, பணம் எல்லாவற்றையும் எரிமலை வாய்க்குள் வீசிக் காணிக்கை செலுத்துகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் உட்சரிவில் வலையோடு நின்று அதில் பாதியைப் பிடித்துவிடுகிறார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் ரொம்ப நெருக்கமாகிவிட்டது.

உச்சிக்கு 250 படிகள் அளவில் ஒரு படிக்கட்டு. பேத்தி ஐந்தாம் வகுப்பு, பேரனுக்கு ஆறு வயது. பாதிப் படியில் கந்தக வாடை அடிக்க ஆரம்பித்தது. உள்ளிருந்து விட்டு விட்டு ஓர் உறுமல். எனக்கு அடிவயிறு கலங்கியது. பேரன் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தான். என் வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது: “ஓடுனே, உள்ளே விழுந்து செத்துப்போவே. எலும்புகூடக் கிடைக்காது.”

அவன் நின்றான். அப்படியே படியில் உட்கார்ந்தான். ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று அழுகை. மகன் என்னைப் பார்த்த பார்வையில் அவனுடைய சின்ன வயது முழுக்க இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தெங்கர் இளைஞர் பேத்தியோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே ஏறினார். அவள் கேட்டதைத் தம்பிக்குத் தமிழில் சொன்னாள். இந்தோனேசியாவில் ஒவ்வொரு எரிமலைக்கும் நாலு படி எச்சரிக்கை உண்டு. முதல் படி பச்சை, சாதாரணம். இரண்டாவது மஞ்சள், கவனம். மூன்றாவது ஆரஞ்சு, தயாராக இரு. நாலாவது சிவப்பு, ஓடு. கருவிகளை வைத்து இரவும் பகலும் கவனிக்கிறார்கள். படி ஏற ஏற, வாயிலிருந்து இத்தனை தூரத்துக்கு ஆள் போகக் கூடாது என்று வட்டம் போடுகிறார்கள். 2004-இல் புரோமோ திடீரென்று சீறியபோது இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். 2021 டிசம்பரில் செமேரு பொங்கி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இதையெல்லாம் அவள் மறைக்கவில்லை. அடுத்து, மேலே போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள்: தடுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும், அதைத் தாண்டி விளிம்பில் நடக்கக் கூடாது, காற்று நம் பக்கம் திரும்பினால் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பேரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அக்கா கையைப் பிடித்தான்.

விளிம்பில் ஒரு பிள்ளையார் இருந்தார். எரிமலை வாயோரத்தில் பிள்ளையார்! வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டிக்கொண்டாள். நான் அவருக்கு முன்னால் நின்றபோது பேத்தி கேட்டாள்: “தாத்தா, நீங்க ஏன் எப்பவும் சிவப்புலேயே இருக்கீங்க?”

பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளையாரைக் கும்பிட்டு வைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. பொதுப்பணித் துறைக்காரர் வீட்டுச் சுவரில் எழுதி வைத்ததுபோல எங்கள் பக்கத்து விவசாயி ஒவ்வொருவனுக்கும் மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு. வைகை அணை 66 அடியைத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. முழு உயரம் 71. முல்லைப் பெரியாறு அணைக்கும் இப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடிக்கு வருமுன் கட்டம் கட்டமாகக் கேரளத்துக்குச் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அணை மட்டத்தைத்தான். தண்ணீரின் ஆபத்தை அடிக்கணக்கில் படி பிரித்துத் தெரிந்துவைத்திருக்கிற மனிதன், பேரப்பிள்ளைகளிடம் மட்டும் முதல் வார்த்தையிலேயே மதகு அத்தனையையும் திறந்துவிடுகிறேன்.

அடுத்த மார்ச்சில் ஒரு வாரப் பள்ளி லீவுக்கு அவர்கள் இங்கே வந்தார்கள். பேரனுக்குக் காதுகுத்து. மொட்டை, தாய்மாமன் மடி, கிடா விருந்து எல்லாம் முடிந்து மிச்சமிருந்த நாட்களில் ஒன்றில் தேக்கடிக்குப் போனோம். பெரியாறு சரணாலயத்தின் உட்பகுதி தேசியப் பூங்காவானது 1982-இல். புரோமோவும் அதே 1982-இல்தான் தேசியப் பூங்காவானது. பேத்திக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு பூங்காவுக்கும் ஒரே வயது என்று அப்பத்தாவிடம் போய்ச் சொன்னாள்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு ஜாக்கெட் கொடுத்தார்கள். மார்ச் மாதப் புழுக்கத்தில் பேரன் அதைப் போட மாட்டேன் என்றான். ‘ஏரியில் முதலை இருக்கு’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே ஏரியில் ஒரு இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆட்கள் ஒரு பக்கமாகக் குவிந்தால் படகு சாயும். இப்போது எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தப் படகு மஞ்சள். வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள், நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று. ஆனால் பேரன் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அரைமணி கழித்துக் கரையோரம் யானைக் கூட்டம் தெரிந்ததும் படகில் பெரியவர்கள் பாதிப் பேர் எழுந்து அந்தப் பக்கம் சாய, பணியாளர் உட்காரச் சொல்லிக் கத்த, எங்கள் வரிசையில் எழாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீருக்கு மேலே கறுத்துப் பட்டுப்போன மரங்கள் நின்றன. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். எங்களுக்குப் பென்னிகுயிக் என்றால் பொங்கல் நாளில் பிறந்தநாள் கொண்டாடுகிற அளவுக்குச் சாமி. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்க வழியாக இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி என் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் வருவதைச் சொன்னேன். பேரன் அணையைக் கேட்கவில்லை. “அந்த மரம் விழாதா தாத்தா?” என்றான். இந்த வயதுப் பிள்ளையிடம் வரலாறு சொல்கிறவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும்.

திரும்புகிற வழியில் அரிக்கொம்பன் கதை கேட்டார்கள். சிங்கப்பூர்வரை போயிருக்கிறது அவன் புகழ். அரிசிக்காகக் கடைகளை உடைத்துக்கொண்டிருந்த அந்த யானையை 2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அவன் மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்துவிட்டான். நான் வாழ்நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்த யானை கடைசியில் வந்தேவிட்டது! 144 தடை போட்டார்கள். ஜூன் 5 அதிகாலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று என்னை யோசிக்க வைத்தது யானை இல்லை, ஆட்கள். போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டிருக்கும்போதே பையன்கள் பைக்கிலும் மாடிகளிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யானையைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் என்னைப்போன்ற தாத்தாக்கள் ‘யானை தூக்கிட்டுப் போயிரும்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்தாம். பொய்ப்பயம் இப்படித்தான் முடிகிறது. ஒருநாள் முனி இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் கிணற்றின் மேல் இருந்த மரியாதையும் சேர்ந்து போய்விடும். கோடை லீவில் கிணற்றில் மூழ்கிய செய்தி வருகிற ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு முனி இருந்திருக்கும்.

தேக்கடியிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். கிழக்கு மலைச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. மாசி, பங்குனியில் இங்கே அடிக்கடி பார்க்கிற காட்சிதான். காய்ந்த புல்லில் தீ. பேரன் எழுந்து உட்கார்ந்தான். “தாத்தா, இதுவும் புரோமோவா?”

இந்த இடத்தில் ஆத்திரப்படாமல் ஒழுங்காகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். இது உள்ளிருந்து வருகிற தீ இல்லை, மேலே பிடித்த தீ என்றேன். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்து 23 பேர் இறந்ததைச் சொன்னேன். தீ இறக்கத்தைவிட ஏற்றத்தில் வேகமாக ஓடும். அனல் மேலே போய் அடுத்த புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். ஆகவே தீக்கு மேல்பக்கம் ஓடக் கூடாது. கருகி முடிந்த இடமோ, வெறும் பாறையோ, ஓடையோ பார்த்து ஒதுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தீக்காலத்தில் அனுமதியில்லாத காட்டுக்குள் போகவே கூடாது. பேத்தி தன் பங்குக்குப் புரோமோவைச் சேர்த்தாள்: 2023 செப்டம்பரில் கல்யாணப் போட்டோ எடுக்க வந்தவர்கள் கொளுத்திய மத்தாப்பால் அங்கே 500 ஹெக்டேர் அளவுக்குப் புல்வெளி எரிந்துபோனது. எரிமலை செய்யாததை ஒரு போட்டோ செய்துவிட்டது என்றாள். நமக்கு இது என்ன நிறம் என்று தம்பியைக் கேட்டாள். அவன் யோசித்து, “நமக்கு மஞ்சள். மலையில இருக்கிறவங்களுக்குச் சிவப்பு” என்றான். மானுக்கு என்ன நிறம் என்றும் அவனே கேட்டான். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

“அப்போ நம்ம மலை எரிமலையே இல்லையா?” அவன் குரலில் ஏமாற்றம். இல்லை என்றேன். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில் இருக்கிறது. திருவண்ணாமலை ஒருகாலத்தில் எரிமலை என்று நம் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். அந்தப் பாறை அப்படிப்பட்டதல்ல. ஆனால் பிள்ளையை அதோடு விட மனமில்லை. தெரிந்த புவியியல் பேராசிரியர் ஒருவருக்கு மறுநாள் போன் போட்டேன். அவர் ஒரு மணிநேரம் பேசினார். நான் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றி அந்த ஒரு மணிநேரத்தில் தெரிந்துகொண்ட அளவு அதற்கு முன் தெரிந்துகொண்டதில்லை.

எங்கள் மலைகளில் பெரும்பகுதி சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல்லறைக் கல்லே சென்னைப் பக்கத்துப் பாறைதானாம். இது எரிமலையிலிருந்து வழிந்ததல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், எரிமலைக் குழம்புக்குப் பக்கத்தில் வரும் சூட்டில் வெந்து இறுகியது. மதுரையைச் சுற்றிய இந்த வட்டாரம் கடைசியாக அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகு இப்போது வெளியே தெரிகிறது. பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஆசைப்பட்டதும் இந்தக் கெட்டிப் பாறையை நம்பித்தான். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, ஊர் எதிர்த்தது, சுரங்கம் தோண்டவில்லை. அப்போது நானும் எதிர்ப்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பாறையைப் பற்றி அங்கே யாரும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை, எங்கள் பக்கமும் சரி, அவர்கள் பக்கமும் சரி. அங்கேயும் மாறி மாறிச் சிவப்பைக் காட்டியதுதான் நடந்தது.

பேராசிரியர் கடைசியாகச் சொன்னதுதான் பேரனுக்கு வெல்லக்கட்டி. கம்பம்மெட்டுப் பக்கம் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறதாம். கார்பனேட் மிகுந்த குழம்பு பெரும்பாலும் பூமிக்குள்ளேயே உறைந்து உண்டாகும் அபூர்வப் பாறை. இன்றைய உலகில் அந்த வகைக் குழம்பைக் கக்குகிற உயிருள்ள எரிமலை தான்சானியாவில் ஒன்றே ஒன்றுதான், ஓல் டோய்ன்யோ லெங்காய். வெளியே வராமல் உள்ளேயே நின்றுபோன எரிமலைக் குழம்பு நம் மெட்டில் உண்டு என்று சொன்னதும் பேரன் மாடியிலிருந்து கீழே ஓடினான், ஊருக்குச் சொல்ல.

சாயங்காலம் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். தேசியப் பூங்காவில் கல்லை எடுக்கக் கூடாது என்று தேக்கடியில் சொல்லிவிட்டதால், சொந்தக் கல் வேண்டும் என்று பிடிவாதம். திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்கால்களைத் தட்டிக் காட்டினேன். கிணறு வெட்டியபோது தோட்டா வைத்து உடைத்துக் கொட்டிய கற்குவியல் இன்னும் கிணற்றுமேட்டில் கிடக்கிறது. ஒன்றைச் சுத்தியலால் பிளந்தேன். உள்ளே கரும்பச்சை, அங்கங்கே சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டு கார்னெட் என்று பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். இந்தப் பாறையோடு மல்லுக்கட்டிப் பணத்தைத் தொலைத்த எரிச்சலில் அதை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

பேரன் இன்னும் நல்ல கல்லாகத் தேடித் தேடி விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தான். பேத்தி கேட்பதற்கு முன்பே நான் தொடங்கினேன். இந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை, ஓரத்து மண் இளக்கம், படி பாதியில் நின்றுவிடும், தண்ணீர் ஆள் மட்டத்துக்கு மேலே. ஆகவே தாத்தா கையைப் பிடித்திருந்தால் மஞ்சள், தனியாக வந்தால் சிவப்பு. நன்றாகத்தான் சொன்னேன். பேத்தி தலையாட்டினாள். அவன் காதில் வாங்கவே இல்லை. இன்னும் ஓரடி வைத்தான்.

“உள்ளே பாம்பு இருக்குடா!” என்று கத்திவிட்டேன்.

பாம்பு இருப்பது உண்மை. நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அது சாரை, கடித்தாலும் விஷமில்லை, தோட்டத்து எலியைப் பிடித்து எனக்கு நல்லதுதான் செய்கிறது என்பதை மட்டும் அடுத்த லீவுக்கு வைத்திருக்கிறேன்.